காயம் ஆற அந்த வீட்டை விட்டு விலகச் சொல்கிறார்கள். விலக முடியாத உடம்பாக இருந்தால்?

வேப்பம்பூ (இழையைத் தொடங்கியவர்)

எனக்கு ஆர்.ஏ., அதாவது முடக்குவாதம், வந்து பல வருடம் ஆகிறது. வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், இன்னொரு நாள் ஃபோலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், வீக்கம் தலைதூக்கும்போது கொஞ்சம் ஸ்டீராய்டு. மருந்தைப் பற்றிக் கேட்க வரவில்லை, அது அதன் பாட்டுக்கு ஓடுகிறது.

என் அப்பா அடிப்பார். "எல்லா அப்பாவும்தானே அடிப்பாங்க" என்று ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அந்த அடி இல்லை. பெல்ட், கேபிள் ஒயர், ஒருமுறை சூட்டோடு தோசைத் திருப்பி. மார்க் குறைந்ததற்காகக்கூட இல்லை, அன்றைக்கு அவருக்கு ஆபீசில் என்ன ஆனதோ அதற்காக. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே மாட்டார். காலையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, "வெளிய சொல்லாத, மானம் போயிடும்" என்பார்.

வேலை கிடைத்ததும் கோயம்புத்தூருக்குப் போய்த் தனியாக இருந்தேன். ஓர் உளவியல் ஆலோசகரிடம் போய் இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்த நேரத்தில்தான் நோய் முற்றியது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, பால் பாக்கெட்டைக் கத்தரிக்க முடியாது, பாத்ரூம் குழாயைத் திருக முடியாது. வேலையை விட்டுவிட்டு, எந்த வீட்டை விட்டு ஓடினேனோ அதே வீட்டுக்குத் திரும்ப வந்து படுத்தேன்.

இப்போது அம்மாதான் தலை வாரிவிடுகிறார், ஜாக்கெட் கொக்கி மாட்டிவிடுகிறார். அப்பா ரிட்டயராகி, குரல் இறங்கி, ஸ்கூட்டரில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வரிசையாக அடுக்கி ஃபைல் போட்டு வைத்திருக்கிறார். தெருவே "இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்கிறது. ஆனால் வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் என் தோள் தானாகக் காதுவரை ஏறிக்கொள்கிறது. ஏற்கனவே வலிக்கிற தோள்.

படிக்கிற எல்லாவற்றிலும் முதல் படி என்று ஒன்றைத்தான் போட்டிருக்கிறார்கள்: பாதுகாப்பான இடத்துக்குப் போ, எல்லை போடு. குளிக்க வைக்கிற கையிடம் என்ன எல்லை போடுவது? இப்படி ஒரு நிலையில் இருந்துகொண்டே தேறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஏட்டுச்சுரைக்காய்

தோழி, உங்கள் நோயும் அந்த அடியும் வேறு வேறு இல்லை என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் 1980களில் உடல் எடை குறைக்கும் சிகிச்சை ஒன்றை நடத்தினார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். ஏன் என்று உட்கார வைத்துக் கேட்டபோது, அவர்களில் நிறையப் பேர் சின்ன வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. அதிலிருந்து தொடங்கி, ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டுப் பெரிய ஆய்வு நடத்தினார், முதல் கட்டுரை 1998இல் வந்தது. அடி, அவமானம், புறக்கணிப்பு, வீட்டில் குடி என்று எத்தனை வகை சேர்கிறதோ அந்த அளவுக்குப் பின்னாளில் இதய நோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் ஏறுகிறது. 2009இல் அதே தரவை வைத்து, தன் உடம்பைத் தானே தாக்கும் நோய்களுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பார்த்தார்கள். இரண்டோ அதற்கு மேலோ கொடிய அனுபவம் உள்ளவர்களுக்கு மூட்டுவாத நோய்களுக்காகச் சேரும் வாய்ப்பு இரு மடங்காம். உடம்பு கணக்கு வைத்திருக்கிறது. வேரைச் சரிசெய்தால் நோயும் அடங்கும் என்பது என் நம்பிக்கை.

மனமேமருந்து

ரொம்பச் சரியாகச் சொன்னீர்கள் சகோ. எங்கள் முகாமில் ஐந்தே நாளில் உள்ளக் குழந்தையைக் குணப்படுத்தி [...]

*நெறியாளர்: மருந்தை நிறுத்தச் சொன்ன வரிகளும் தொலைபேசி எண்ணும் நீக்கப்பட்டன. இன்னொரு முறை போட்டால் கணக்கு முடக்கப்படும்.*

வார்டுஅக்கா

நெறியாளருக்கு நன்றி. நான் நர்ஸ், மூட்டுவாத ஓ.பி.யில் வேலை. மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து விரல் கோணிப்போய் வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம், கோணிய விரல் எந்தத் தியானத்திலும் நிமிராது. அதனால் ஏட்டுச்சுரைக்காய் தம்பி சொன்னதில் ஒரு திருத்தம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆய்வு உண்மைதான். ஆனால் இரு மடங்கு என்பது எதன் இரு மடங்கு என்று பார்க்க வேண்டும். ஆர்.ஏ. நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிற நோய். அது இரண்டாக ஆனாலும் மீதி 98 பேருக்கு, அடி வாங்கியிருந்தாலும், வரவில்லை. அடியே வாங்காமல் செல்லமாக வளர்ந்த பிள்ளைகளுக்கும் வருகிறது, எங்கள் ஓ.பி. வரிசையில் வந்து பாருங்கள். அந்த ஆய்வைச் செய்த ஆண்டாவே 2020இல், கொடிய அனுபவங்களை எண்ணிப் போடுகிற இந்த மதிப்பெண்ணை வைத்துத் தனி ஒருவருக்கு இது வரும், இதனால்தான் வந்தது என்று சொல்லாதீர்கள் என்று எழுதினார். நியூசிலாந்தில் டனீடன் என்ற ஊரில் 1972-73இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வும் இருக்கிறது. சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 32 வயதிலும், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டுகிற சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை அளவு கூடியே இருந்தது. ஆக, உடம்பில் ஏதோ ஒரு தீ மூண்டபடி இருக்கலாம் என்பது வரை சரி. "மனசைச் சரி பண்ணு, மூட்டு சரியாகும்" என்று அதைத் திருப்பிப் போட்டால், வலி குறையாத ஒவ்வொரு நாளும் "நான் இன்னும் மனசை ஆற்றிக்கொள்ளவில்லை, என் தப்புதான்" என்று ஆகிவிடும். அடிபட்ட பிள்ளைக்கு ஏற்கனவே "என் தப்புதான்" என்பது மனப்பாடம். அதையே மறுபடி ஏன் சொல்லித் தர வேண்டும்?

வேப்பம்பூ, இரண்டு கேள்வி. ஸ்டீராய்டு எந்த நேரத்தில் போடுகிறீர்கள்? தூக்கம் எப்படி?

அப்பாபிள்ளை

யாரையும் புண்படுத்த வரவில்லை. ஆனால் பெற்றவர்களைப் பொதுவெளியில் இப்படி நிறுத்துவது சரியா? அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அடிதான், வாத்தியார் கையில் பிரம்புதான். நானும் வாங்கியிருக்கிறேன், கெட்டா போனேன்? இன்றைக்கு ஸ்கூட்டரில் கூட்டிப் போவதும் அதே மனிதர்தானே. அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? மன்னித்துவிட்டால் மனது லேசாகும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

குடல்கதை

அப்பாபிள்ளை ஐயா, வாங்கிவிட்டுக் கெட்டுப்போகாதவர்கள் மட்டும்தான் இந்த வாக்கியத்தைச் சொல்ல மிஞ்சியிருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வேப்பம்பூ

வார்டுஅக்கா, ஸ்டீராய்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறேன். தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் பழைய வீட்டு ஹால், டியூப்லைட் மினுக்கல், எல்லாம் வரும். போன மாதம் டோஸ் கூட்டியதிலிருந்து தினமும்.

அப்பாபிள்ளை அவர்களுக்கு: கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதுதான் பிரச்சினையே. அவர் கடைசிவரை கெட்டவராகவே இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். வீங்கிய முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கும்போது அவர் கை நடுங்குகிறது, அது பொய் இல்லை. ஒயரும் பொய் இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மீதி எவ்வளவு என்று என்னால் பார்க்க முடியவில்லை. நீங்கள் கழிக்கச் சொல்கிறீர்கள், ஆலோசகர் வேறு மாதிரி கழிக்கச் சொல்கிறார். எனக்கு இரண்டும் அப்படியே கிடக்கட்டும் என்று தோன்றுகிறது.

வார்டுஅக்கா

ராத்திரி போட்ட ஸ்டீராய்டு நிறையப் பேருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், மனதையும் முறுக்கேற்றி விடும். எல்லாக் கெட்ட கனவும் ஸ்டீராய்டால் வருகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எது பழைய காயம், எது மாத்திரை என்று பிரிக்காமல் ஆலோசகரிடம் அழுதுகொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை. டாக்டரிடம் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போடலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், நாள்பட எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று விடுவது ஆபத்து.

அப்புறம் எல்லை. ஆலோசகர்கள் இதை வார்த்தையாகச் சொல்கிறார்கள், எங்களுக்கு அது பொருள்தான். எந்தெந்த வேலைக்கு அந்தக் கைகள் வேண்டியிருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். கொக்கிக்குப் பதில் முன்பக்கம் ஜிப், இல்லாவிட்டால் தலைவழியாகப் போடுகிற தொளதொள குர்தி. குழாய்க்கு நெம்புகோல் பிடி, பிளம்பரைக் கூப்பிட்டால் ஒரு மணி நேர வேலை. சீப்புக் காம்பில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் விரல் மடங்காமலே பிடிக்க வரும். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி பிரிவில் கேட்டால் இதெல்லாம் சொல்லித் தருவார்கள். குளிக்க வைக்க ஆள் தேவைப்படுகிற நாளுக்கு, வாரம் சில நாளாவது வெளி ஆள் வைக்க முடியுமா பாருங்கள். காசு கொடுத்த கைக்கு நன்றிக்கடன் கிடையாது, அதில் ஒரு விடுதலை உண்டு.

குடல்கதை

என் விஷயம் வேறு, ஆனால் உதவலாம். ஆண், வயது நாற்பதைத் தொடுகிறது, அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோய். ஹாஸ்டலில் படித்தவன். அங்கே ஒருவர். அதற்கு மேல் எழுத மாட்டேன், புரிந்துகொள்வீர்கள்.

இந்த நோய் வந்து ஏழெட்டு வருடம் ஆனால் புற்றுநோய் இருக்கிறதா என்று அவ்வப்போது கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை, பார்க்கச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. கூச்சப்படுகிறான், ஆம்பளைக்கு என்ன கூச்சம் என்று வீட்டில் சிரித்தார்கள். கூச்சமா அது? அந்த மேஜையில் பக்கவாட்டில் படுக்கச் சொல்லி, பின்னால் யாரோ நிற்க, "அசையாதீங்க" என்ற ஒற்றைச் சொல்லில் எனக்குப் பன்னிரண்டு வயசாகிவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு வேறு ஒரு டாக்டரிடம் போய்க் கதை எதுவும் சொல்லாமல் ஒரே வரி சொன்னேன்: "சின்ன வயசுல நடந்த ஒண்ணால எனக்கு இந்தப் பரிசோதனை ரொம்பக் கஷ்டம்." அவர் தோண்டவில்லை. முழு மயக்கம் கொடுத்தார்கள், என் நண்பனை மயக்கம் வரும்வரை பக்கத்தில் நிற்க விட்டார்கள், ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத் தொட்டார்கள். முடிந்தது. எல்லா டாக்டரும் இப்படி இருக்க மாட்டார்கள், தெரியும். ஆனால் அந்த ஒரு வரி போதும், முழுக்கதையும் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை நாம்.

ஆறிவிட்டேனா என்றால் தெரியாது. பரிசோதனைக்குப் போகிறேன். எனக்கு இப்போதைக்கு அதற்குப் பெயர்தான் ஆறுவது.

வன்னிமகள்

வாசிச்சுக்கொண்டு போன எனக்கும் எழுத வேணும் போல இருக்கு. நான் டொரொன்டோவில். எம்.எஸ். என்கிற நரம்பு வருத்தம், ஒழுங்காக எம்.ஆர்.ஐ. எடுக்க வேணும். என்னை வீட்டில் ஒருத்தரும் அடிச்சதில்லை. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு சனமெல்லாம் ஒரே இரவில் வெளிக்கிட்டதே, செம்மணியால் நாவற்குழிப் பாலம் தாண்டி, மழைக்குள்ளே, நான் அப்பாவின் சைக்கிள் பாரில். அதற்கு முந்தியும் பிந்தியும் பங்கர் வாழ்க்கைதான்.

எம்.ஆர்.ஐ. மெஷின் என்றால் ஒடுங்கின குழாய், தலைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி, பிறகு "டங் டங் டங்" என்று அடிக்கும். அது பங்கருக்குள்ளே கிடந்து ஷெல் விழுகிற சத்தத்தை எண்ணினதுக்கு அச்சொட்டாக அதேதான். முதல் தரம் பஸ்ஸரை அமத்தி வெளியில் வந்திட்டன். டெக்னீசியன் பொடியன் நல்ல பிள்ளை, ஒவ்வொரு சுற்றும் எத்தனை நிமிஷம் என்று மைக்கில் சொல்லிச் சொல்லி எடுத்தான். முடிவு தெரிஞ்சால் சத்தம் வேற. பங்கருக்குள்ளே ஒருத்தரும் "இன்னும் மூண்டு நிமிஷம்" என்று சொன்னதில்லைத்தானே.

வேப்பம்பூ தங்கச்சி, இங்கே எனக்குச் சொல்லித் தந்த பயிற்சிகளில் "கண்ணை மூடி உடம்பைக் கவனி, பாதத்தில் இருந்து மேலே வா" என்று ஒன்று. எனக்கு அது சரிவரவே இல்லை. உடம்புக்குள்ளேதான் வருத்தம் இருக்கு, அதுக்குள்ளே போய் என்னத்தை ஆறுதல் எடுக்கிறது? எனக்குக் கை கொடுத்தது கண்ணைத் திறந்து வெளியில் பார்க்கிறது. யன்னலில் தெரியிற நீல நிறப் பொருளெல்லாம் எண்ணு, தெருவில் கேட்கிற சத்தத்துக்குப் பேர் வை. உங்கட ஆலோசகர் உடம்பைக் கவனிக்கச் சொன்னால் வேற தாங்கோ என்று கேளுங்கோ.

ஏட்டுச்சுரைக்காய்

வார்டுஅக்கா சொன்னது உறைத்தது. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஈ.எம்.டி.ஆர். என்று கண்ணை இடம் வலமாக அசைத்துச் செய்யும் சிகிச்சைக்கு நல்ல பெயர் இருக்கிறதே, உலக சுகாதார நிறுவனமே 2013 வழிகாட்டுதலில் அதையும் அதிர்ச்சியை மையமாக வைத்த சி.பி.டி. என்ற பேச்சுவழிச் சிகிச்சையையும் பரிந்துரைத்தது. நோய் உள்ளவர்கள் செய்யலாமா?

வார்டுஅக்கா

அது மனநல மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. நான் பார்த்த வரையில் ஒன்று சொல்வேன்: பழையதைக் கிளறுகிற அமர்வை வீக்கம் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாளைக்கு மறுநாள் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள், உடம்பு படுத்தே தீரும். நல்ல ஆலோசகர் தேதியை மாற்றித் தருவார். "வரவில்லை என்றால் தவிர்க்கிறாய் என்று அர்த்தம்" என்று சொல்கிறவரை மாற்றிவிடுங்கள். சிலர் வலி என்றால் என்னவென்றே தெரியாமல் வலியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வேப்பம்பூ

இத்தனை நாள் எழுதவில்லை, மன்னிக்கவும், கை வீக்கம். இதையும் குரலில் சொல்லித்தான் தட்டச்சாக்குகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் ஸ்டீராய்டைக் காலைக்கு மாற்றினார். தூக்கம் வருகிறது. ஹால் இன்னும் வருகிறது, ஆனால் வாரத்தில் சில நாள்தான். ஆக அதில் பாதி மாத்திரை, பாதி அப்பா. இப்படிப் பிரித்துச் சொல்ல முடிவதே எனக்குப் புதிது.

முடியைக் கழுத்து வரை வெட்டிவிட்டேன். அம்மா அழுதார். "நான் வாரிவிடுறது அவ்வளவு பாரமா இருந்துச்சா" என்று கேட்டார். இருந்தது என்று சொன்னேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அவர் என் அறைக்கு வரும்போது கதவைத் தட்டிவிட்டு வந்தார். இந்த வீட்டில் யாரும் யார் கதவையும் தட்டியதில்லை. வாரம் மூன்று நாளைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்து ஓர் அம்மா வருகிறார், குளிக்க வைக்க. தொணதொண என்று அவர் மருமகளைத் திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றுகிறார், எனக்குக் கேட்கக் கேட்க நன்றாக இருக்கிறது.

அப்பாவிடம் எதுவும் பேசவில்லை. பேசத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், மூட்டுக்கு ஸ்கூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம். அவர் முகம் வாடியது. எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் ஆட்டோதான்.

அப்பாபிள்ளை

ஸ்கூட்டரை நிறுத்தியது அவருக்குத் தண்டனை மாதிரி இருக்கும் அம்மா. யோசித்துச் செய்யுங்கள்.

வேப்பம்பூ

இருக்கலாம். அதை அவர்தான் சமாளிக்க வேண்டும், என் கையில் வேறு வேலை இருக்கிறது.

புதுவரவு22

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். எனக்கு டைப் 1 சுகர், வீட்டுக் கதை ஏறக்குறைய இதே மாதிரி. தனியார் ஆலோசகருக்குக் காசு இல்லை. அரசு ஆஸ்பத்திரி மனநல ஓ.பி.க்குப் போனால் வீட்டுக்கோ வேலை பார்க்கும் இடத்துக்கோ தகவல் போகுமா? சுகர் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

வார்டுஅக்கா

போகாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி ரகசியம் காக்கப்படுவது உங்கள் உரிமை, உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகள்தான் விலக்கு. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநல ஓ.பி. உண்டு. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள், கூட்டம் இருக்கும், முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் பேசக் கிடைக்காது, அதற்காக மனம் விட்டுவிட வேண்டாம், அடுத்த முறை உளவியலாளரிடம் தனியாக நேரம் கேளுங்கள். அதுவரை ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416, டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம்.

சுகர் டாக்டரிடம் முழுசாகச் சொல்ல வேண்டாம், குடல்கதை எழுதிய மாதிரி ஒரு வரி போதும். ஆனால் மனநல ஓ.பி.யில் என்ன மாத்திரை கொடுத்தாலும் அதை அவரிடம் கட்டாயம் காட்டுங்கள். சில மாத்திரைகள் சர்க்கரை அளவை மாற்றும், எடையைக் கூட்டும். இன்சுலின் அளவைத் திருத்த வேண்டிவரலாம். போகும்போது இன்சுலின் பெயர், அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே கேட்பார்கள்.